காப்பக ஊழியர்களுக்குப் பாராட்டு நாள் போதுமா?

கேள்வி இதுதான்: "எங்கள் இரண்டு வயதுப் பையன் போகும் காப்பகத்தில் ஊழியர்களுக்குப் பாராட்டு நாள் கொண்டாடப் போகிறார்கள், பெற்றோர்களும் சேர்ந்து ஏதாவது செய்ய வேண்டுமாம். கூடவே, இந்தத் துறை ஊழியர்களின் சம்பளத்துக்கு அரசு உதவ வேண்டும் என்று ஒரு மனுவில் கையெழுத்தும் கேட்கிறார்கள். பாராட்டுவதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. ஆனால் குழந்தைகளைப் பிடிக்கும் என்றுதானே இந்த வேலைக்கு வருகிறார்கள்? நாங்கள் கட்டும் கட்டணமே கழுத்தை நெரிக்கிறது. இதில் பொதுப்பணம் எதற்கு?"

நியாயமான கேள்விதான். பதினொரு வருடம் சின்னக் குழந்தைகள் அறையில் வேலை பார்த்துவிட்டு, இப்போது இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்குப் பயிற்சி கொடுத்துக்கொண்டிருக்கிறேன். அதனால் எனக்கு இதில் ஒரு பக்கம் உண்டு, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

பாராட்டு நாள் கொண்டாடுங்கள். மனுவிலும் கையெழுத்துப் போடுங்கள். இரண்டில் ஒன்றுக்குத்தான் நேரம் இருக்கிறது என்றால் மனுவுக்குப் போடுங்கள். ஏனென்றால் உங்கள் பையன் காலையில் ஓடிப்போய்க் கட்டிக்கொள்கிற அந்தப் பெண் அடுத்த வருடமும் அதே அறையில் இருப்பாரா என்பதை முடிவு செய்வது சம்பளம்தான், பூங்கொத்து இல்லை.

"குழந்தைகளைப் பிடிக்கும் என்றுதானே வருகிறார்கள்" என்று நீங்கள் எழுதியிருப்பதிலிருந்தே தொடங்குகிறேன். உண்மை, பிடிக்கும் என்றுதான் வருகிறார்கள். நானும் அப்படித்தான் வந்தேன். மருத்துவருக்கும் நோயாளிகளைக் குணப்படுத்தப் பிடிக்கும், விமானிக்கும் பறக்கப் பிடிக்கும், ஆனால் அவர்களிடம் யாரும் "பிடித்துத்தானே செய்கிறீர்கள், பிறகு சம்பளம் எதற்கு" என்று கேட்பதில்லை. இந்த ஒரு வேலையில் மட்டும் அன்பு இருப்பதையே சம்பளம் குறைவாக இருப்பதற்குக் காரணமாகக் காட்டிவிடுகிறார்கள். எத்தனையோ மேடைகளில் "நீங்கள் இன்னொரு தாய்" என்று சொல்லி எங்களுக்குச் சால்வை போர்த்தியிருக்கிறார்கள். சொன்னவர்கள் மனதாரத்தான் சொன்னார்கள். ஆனால் தாய்க்கு யாரும் சம்பளம் கொடுப்பதில்லை, அதனால் அந்தப் பாராட்டுக்குள்ளேயே ஒரு தள்ளுபடி இருக்கிறது.

சரி, அந்த அறைக்குள் என்ன நடக்கிறது என்று கொஞ்சம் விவரமாகச் சொல்கிறேன், ஏனென்றால் வாசலில் விட்டுவிட்டுப் போகிற பெற்றோருக்கு அது தெரிய வாய்ப்பே இல்லை.

இரண்டு வயதுக் குழந்தைகள் எட்டுப் பேர், ஊழியர்கள் இரண்டு பேர் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு பையன் இன்னொரு பெண் குழந்தையின் கையைக் கடித்துவிடுகிறான். இந்த வயதில் கடிப்பது மிகச் சாதாரணம், சொல்ல வார்த்தை இல்லாத இடத்தில் பல் முந்திக்கொள்கிறது. நல்ல பயிற்சி உள்ளவர் முதலில் கடிபட்ட குழந்தையிடம் போவார். குரலை உயர்த்த மாட்டார், ஏனென்றால் குரல் உயர்ந்தால் மீதி ஆறு பேரும் அழ ஆரம்பித்துவிடுவார்கள். கடித்தவனை மூலையில் உட்கார வைக்க மாட்டார், அவனுக்கு வேண்டிய வார்த்தையை அவனுக்குச் சொல்லிக் கொடுப்பார்: "எனக்கு அந்த வண்டி வேண்டும்." இதற்கிடையே அவர் மனதில் வேறொன்று ஓடிக்கொண்டிருக்கும்: நேற்றும் இதே நேரம்தானே கடித்தான், தூக்கத்துக்குச் சற்று முன்னால்தானே, அப்படியென்றால் இவனை நாளை முதல் இருபது நிமிடம் முன்னதாகப் படுக்க வைத்துப் பார்ப்போம். இன்னொரு ஊழியர் அந்த நேரத்தில் தலைகளை எண்ணிக்கொண்டிருப்பார். எண்ணுவது இந்த வேலையில் நிற்பதே இல்லை, இடம் மாறும்போதெல்லாம் எண்ண வேண்டும், கதவு திறக்கும்போதெல்லாம் எண்ண வேண்டும். அப்புறம் நடந்ததை எழுதி வைக்க வேண்டும், மாலையில் இரண்டு வீட்டாரிடமும் சொல்ல வேண்டும், கடித்தது யார் என்று கடிபட்ட குழந்தையின் அம்மாவிடம் சொல்லக் கூடாது, அவர் கோபமாகக் கேட்டாலும் சொல்லக் கூடாது. இதெல்லாம் ஒரு கடிக்கு. அன்றைக்கு இன்னும் எட்டு மணி நேரம் பாக்கி இருக்கும்.

டயப்பர் மாற்றுவதை எடுத்துக்கொள்ளுங்கள். ஹங்கேரி நாட்டுக் குழந்தை மருத்துவர் எம்மி பிக்லர் 1946-இல் புடாபெஸ்டில் ஆதரவற்ற குழந்தைகளுக்காக ஓர் இல்லத்தை நடத்த ஆரம்பித்தார். லோட்சி தெருவில் இருந்ததால் அந்த இல்லத்துக்கு லோட்சி என்றே பேர். அங்கே அவர் வற்புறுத்தியது, உடை மாற்றுவது, குளிப்பாட்டுவது, ஊட்டுவது போன்ற நேரங்களை வேகமாக முடித்துத் தள்ளக் கூடாது என்பதுதான். குழந்தையைத் தூக்குவதற்கு முன் "இப்போது உன்னைத் தூக்கப் போகிறேன்" என்று சொல்ல வேண்டும், அது உடம்பைத் தயார்படுத்திக்கொள்ளும் வரை ஒரு நொடி காத்திருக்க வேண்டும். அந்த ஒரு நொடிதான் இந்தத் தொழில். அறையில் ஆள் குறைந்தால் முதலில் போவதும் அதுதான். குழந்தை சுத்தமாக இருக்கும், யாரும் குறை சொல்ல முடியாது, ஆனால் அதோடு அன்று யாரும் பேசியிருக்க மாட்டார்கள்.

புதுக் குழந்தை வந்து சேரும் வாரமும் அப்படித்தான். ஜெர்மனியில் 1980-களில் உருவான பெர்லின் பழக்கப்படுத்தும் முறையில், முதல் மூன்று நாள் அம்மாவோ அப்பாவோ அறைக்குள்ளேயே உட்கார்ந்திருப்பார்கள், பிரித்துப் பார்க்கும் முயற்சியே நாலாவது நாள்தான். குழந்தை அழுதால் ஊழியரிடம் ஆறுதல் அடைகிறதா என்று பார்த்து, அதை வைத்துத்தான் அடுத்து எத்தனை நாள் வேண்டும் என்று முடிவு செய்கிறார்கள். இதற்கு ஒரே ஊழியர் தொடர்ந்து இருக்க வேண்டும். அவர் பாதியில் வேலையை விட்டுவிட்டால் குழந்தை மறுபடியும் முதல் நாளுக்குப் போய்விடுகிறது.

கைக்குழந்தைகளை மல்லாக்கப் படுக்க வைத்துச் சில நிமிடங்களுக்கு ஒருமுறை மூச்சு வருகிறதா என்று பார்ப்பது, காய்ச்சல் வந்த குழந்தையைத் தனியே வைத்துக்கொண்டே மற்றவர்களையும் கவனிப்பது எல்லாம் தனிக்கதை. அதற்குள் போகவில்லை.

இப்போது பணத்துக்கு வருகிறேன்.

கட்டணம் கழுத்தை நெரிக்கிறது, அதே நேரத்தில் ஊழியருக்குச் சம்பளம் குறைவு. இரண்டும் ஒரே சமயத்தில் எப்படி உண்மையாக இருக்க முடியும், நடுவில் யாரோ சாப்பிடுகிறார்களா என்று பலரும் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். கொள்ளை லாபம் வைக்கிற இடங்கள் இல்லாமல் இல்லை. ஆனால் லாபமே வைக்காத ஒரு நல்ல காப்பகத்திலும் இந்தக் கணக்கு இப்படித்தான் வரும். இங்கிலாந்தின் விதிப்படி இரண்டு வயதுக்குக் கீழே மூன்று குழந்தைகளுக்கு ஓர் ஊழியர் இருக்க வேண்டும். காப்பகம் பத்து மணி நேரம் திறந்திருக்கும், ஒருவரின் ஷிஃப்ட் எட்டு மணி நேரம், ஆக மூன்று குழந்தைகளுக்கு ஒருவருக்கும் மேலே ஆள் வேண்டும். அந்த ஊழியருக்கு உங்களுக்குக் கிடைக்கிற அளவு சம்பளம் கொடுக்க வேண்டும் என்றால், மூன்று குடும்பங்களும் ஆளுக்கு மூன்றில் ஒரு பங்குக்கு மேல் தங்கள் ஒரு சம்பளத்திலிருந்து எடுத்து வைக்க வேண்டும், வாடகையும் மின்சாரமும் காப்பீடும் இன்னும் சேரவில்லை. எத்தனை குடும்பங்களால் முடியும்? முடியாது. அதனால் காப்பகம் இரண்டில் ஒன்றைச் செய்கிறது, ஊழியரின் சம்பளத்தைக் குறைக்கிறது அல்லது ஒருவரிடம் அதிகக் குழந்தைகளை விடுகிறது. அதே இங்கிலாந்தில் 2023 செப்டம்பரில் இரண்டு வயதுக் குழந்தைகளுக்கான விகிதத்தை நாலுக்கு ஒன்று என்பதிலிருந்து ஐந்துக்கு ஒன்று என்று தளர்த்தினார்கள். செலவு குறையும் என்பதுதான் காரணமாகச் சொல்லப்பட்டது. இந்த வேலையைச் செய்தவளாகச் சொல்கிறேன், அந்த ஐந்தாவது குழந்தை மற்ற நாலு பேரின் நேரத்திலிருந்துதான் தன் நேரத்தை எடுத்துக்கொள்ளும்.

வேறு தொழில்களில் இயந்திரம் வந்தால் ஒரே ஆள் இரண்டு மடங்கு உற்பத்தி செய்யலாம், சம்பளமும் ஏறும். இங்கே அது நடக்காது. 1960-களில் பொருளாதார அறிஞர் வில்லியம் பாமோல் இசைக் கலைஞர்களை உதாரணமாகக் காட்டி இதை விளக்கினார்: நாலு பேர் வாசிக்க வேண்டிய ஒரு பாட்டை வாசிக்க இருநூறு வருடத்துக்கு முன்னால் எத்தனை பேரும் எவ்வளவு நேரமும் ஆனதோ இன்றும் அவ்வளவேதான் ஆகும், ஆனால் அவர்களுக்கும் இன்றைய விலைவாசியில்தான் பிழைப்பு. ஒரு கைக்குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டித் தூங்க வைப்பதும் அப்படித்தான், அதை வேகப்படுத்த வழி கிடையாது. அதனால் பெற்றோரால் இதற்கு மேல் கொடுக்க முடியாது, ஊழியரால் இதற்குக் கீழே வாங்கிப் பிழைக்க முடியாது என்கிற இடைவெளி ஒன்று எப்போதும் இருந்துகொண்டே இருக்கும். இன்றைக்கு அதை நிரப்புவது ஊழியரின் வீட்டுக் கஷ்டம். அவர் குறைவாக வாங்கிக்கொள்வதன் மூலம் உங்கள் கட்டணத்தில் ஒரு பகுதியை அவரே கட்டிக்கொண்டிருக்கிறார். பொதுப்பணம் எதற்கு என்று கேட்டீர்களே, அந்தப் பகுதியை அவர் தலையிலிருந்து இறக்கத்தான். பள்ளிக்கூடத்துக்கு நாம் எல்லாரும் வரி மூலம் பணம் தருகிறோம், அதில் யாருக்கும் கேள்வி இல்லை. ஐந்து வயது ஆனதும் பொதுப் பொறுப்பாகிற குழந்தை அதற்கு முந்தைய நாள் வரை ஏன் தனியார் செலவாக இருந்தது என்பதற்கு எனக்கு இன்று வரை நல்ல பதில் கிடைக்கவில்லை.

சம்பளம் குறைவாக இருந்தால் குழந்தைக்கு என்ன ஆகிறது? இதைப் பற்றி 1989-இலேயே அமெரிக்காவில் ஒரு பெரிய ஆய்வு வந்துவிட்டது. மார்சி வைட்புக் தலைமையில் ஐந்து நகரங்களில் 227 காப்பகங்களைப் பார்த்தார்கள். ஒரு வருடத்துக்குள் வேலையை விட்டுப் போனவர்கள் 41 சதவீதம். பத்துப் பேரில் நாலு பேர்! பராமரிப்பின் தரத்தோடு மிக நெருக்கமாகச் சேர்ந்து போனது ஊழியரின் சம்பளம். ஆட்கள் அடிக்கடி மாறிய காப்பகங்களில் குழந்தைகள் மொழி வளர்ச்சியிலும் மற்றவர்களோடு பழகுவதிலும் பின்தங்கியிருந்தார்கள். நாங்கள் அறைக்குள் தினமும் பார்க்கிற விஷயம்தான் அது. ஒன்றரை வயதுக் குழந்தைக்கு ராஜினாமா என்றால் என்னவென்று தெரியாது. காலையில் வருகிறது, அந்த முகம் இல்லை. கதவையே பார்த்துக்கொண்டிருக்கும். நாலைந்து நாள் கழித்துப் பார்ப்பதை நிறுத்திவிடும். அது பழகிவிட்டது என்று சொல்வார்கள். இரண்டு மூன்று முறை இப்படிப் பழகிய குழந்தை, புதிதாக வருகிறவரிடம் ஒட்டவே தயங்குவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

சின்ன வயதில் போடுகிற பணம் பல மடங்காகத் திரும்பி வரும் என்று அரசியல்வாதிகள் பேசும்போதெல்லாம் மேற்கோள் காட்டுவது அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில், இப்சிலாண்டி என்ற ஊரில் 1962 முதல் 1967 வரை நடந்த பெர்ரி மழலையர் பள்ளி ஆய்வை. 123 குழந்தைகள், அதில் 58 பேருக்கு மட்டும் அந்தப் பள்ளி, அவர்களை நாற்பது வயதைத் தாண்டியும் பின்தொடர்ந்து பார்த்தார்கள், வேலை, வருமானம், குற்ற வழக்குகள் என்று பல விஷயங்களில் மற்ற 65 பேரைவிட நன்றாக இருந்தார்கள். இதை எல்லாரும் சொல்கிறார்கள். அங்கே வேலை பார்த்தவர்கள் யார் என்பதைச் சொல்ல மறந்துவிடுகிறார்கள். முறையான தகுதிச் சான்று பெற்ற பள்ளி ஆசிரியர்கள் அவர்கள், சம்பளம் அந்த ஊர்ப் பள்ளி ஆசிரியர்களின் விகிதத்தைவிட 10 சதவீதம் அதிகம், ஒருவரிடம் ஐந்தாறு குழந்தைகள்தான், வாரம் ஒருமுறை ஒவ்வொரு குழந்தையின் வீட்டுக்கும் போய் ஒன்றரை மணி நேரம் அம்மாவோடும் குழந்தையோடும் உட்காருவார்கள். பலன் வேண்டும் என்றால் அதற்குக் கொடுத்த விலையையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். பாதிச் சம்பளம், இரண்டு மடங்கு குழந்தைகள் என்று வைத்துக்கொண்டு பெர்ரியின் பலனை எதிர்பார்ப்பது ஊழியர்களுக்கும் குழந்தைகளுக்கும் செய்கிற அநியாயம்.

பெயரில் என்ன இருக்கிறது என்று தோன்றலாம். இந்தத் துறையில் பெயரில்தான் நிறைய இருக்கிறது. இந்தியாவில் ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் 1975 அக்டோபர் 2 அன்று 33 வட்டாரங்களில் தொடங்கியது, இன்று பதின்மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட அங்கன்வாடிகள் அதன்கீழ் நடக்கின்றன. ஆனால் அதில் வேலை பார்க்கும் பெண்களுக்கு ஆரம்பத்திலிருந்தே வைத்த பேர் கௌரவ ஊழியர், அவர்கள் வாங்குவதற்குச் சம்பளம் என்று பேர் இல்லை, மதிப்பூதியம். 2018 அக்டோபரில் உயர்த்திய பிறகு ஒன்றிய அரசின் கணக்கில் பணியாளருக்கு மாதம் 4,500 ரூபாய், உதவியாளருக்கு 2,250 ரூபாய் என்றானது, மேலே மாநிலங்கள் தங்கள் பங்கைச் சேர்த்துக்கொள்கின்றன. மதிப்பு என்ற சொல்லை முன்னால் ஒட்டிவிட்டால் குறைந்தபட்ச ஊதியம், விடுப்பு, ஓய்வூதியம் பற்றிய பேச்சே எழாது. 2006 டிசம்பரில் உச்ச நீதிமன்றம், இவர்கள் அரசுப் பதவி வகிப்பவர்கள் இல்லை என்று சொன்னது. பிறகு 2022 ஏப்ரல் 25 அன்று, குஜராத் பெண்கள் தொடுத்த வழக்கில் அதே உச்ச நீதிமன்றத்தின் இரண்டு நீதிபதிகள், பணிக்கொடைச் சட்டம் இவர்களுக்கும் பொருந்தும், இந்த மதிப்பூதியம் அந்தச் சட்டப்படி ஊதியம்தான் என்று தீர்ப்பளித்தார்கள். வாழ்நாள் முழுக்க வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒரு பெண், நான் வாங்கியது சம்பளம்தான் என்று நிரூபிக்க உச்ச நீதிமன்றம் வரை போக வேண்டியிருந்தது. பொது அங்கீகாரம் என்று நான் சொல்வது அந்தத் தீர்ப்பு மாதிரி ஒன்றை. செய்வது வேலை, வாங்குவது ஊதியம் என்று ஒரு சமூகம் எழுத்தில் ஒப்புக்கொள்வது.

சில இடங்களில் மக்களே ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலத்தில், எண்ணெய், எரிவாயு வருமானம் சேர்கிற நிரந்தர நிதி ஒன்று உண்டு. அதிலிருந்து ஒரு பங்கை வருடா வருடம் சின்னக் குழந்தைகளுக்கு ஒதுக்க அரசியலமைப்பைத் திருத்தலாமா என்று 2022 நவம்பரில் வாக்கெடுப்பு வைத்தார்கள், சுமார் 70 சதவீதம் பேர் சரி என்றார்கள். அது ஒரே நாளில் வந்ததில்லை, பத்து வருடத்துக்கு மேல் பெற்றோர்களும் ஊழியர்களும் சட்டமன்றத்துக்கு நடையாய் நடந்திருக்கிறார்கள். வாஷிங்டன் நகரம் வசதி படைத்தவர்கள் மீதான வரியைக் கூட்டி, 2022 முதல் காப்பக ஊழியர்களுக்கு நேரடியாகப் பணம் கொடுத்தது, முழுநேர முதன்மை ஆசிரியருக்கு வருடத்துக்கு 14,000 டாலர் வரை. ஆஸ்திரேலியாவில் 2024 டிசம்பரில் 10 சதவீதமும் அடுத்த வருடம் 5 சதவீதமும் சம்பளத்தை உயர்த்த அரசே பணம் தர முன்வந்தது. அதில் எனக்குப் பிடித்தது அதோடு வைத்த நிபந்தனை: பணம் வாங்குகிற காப்பகம் முதல் வருடத்தில் கட்டணத்தை 4.4 சதவீதத்துக்கு மேல் ஏற்றக் கூடாது, வந்த பணம் ஊழியர் கைக்கே போக வேண்டும். பொதுப்பணம் கொடுத்தால் முதலாளி எடுத்துக்கொள்வார் என்று உங்களுக்குச் சந்தேகம் இருந்தால், இப்படிக் கடிவாளம் போட முடியும் என்பதற்கு இது ஓர் உதாரணம். உங்களிடம் வந்திருக்கும் மனுவில் இப்படி ஒரு நிபந்தனை இருக்கிறதா என்று பாருங்கள், இல்லை என்றால் சேர்க்கச் சொல்லிக் கேளுங்கள்.

தவறிப்போனவையும் உண்டு. கொரோனா காலத்தில் காப்பக ஊழியர்களை அத்தியாவசியப் பணியாளர்கள் என்றார்கள், மருத்துவமனை ஊழியர்களின் குழந்தைகளை நாங்கள்தான் பார்த்துக்கொண்டோம். 2021-இல் அமெரிக்க அரசு காப்பகங்கள் மூடிவிடாமல் இருக்க 2,400 கோடி டாலர் ஒதுக்கியது, பல காப்பகங்கள் அதில் ஊழியர்களின் சம்பளத்தையும் கூட்டின. 2023 செப்டம்பரோடு அந்த நிதி முடிந்தது. கூட்டிய சம்பளத்தைத் தொடர்ந்து எங்கிருந்து கொடுப்பது? ஒருமுறை வரும் பணத்தை நம்பி யாரும் இந்தத் தொழிலில் வாழ்க்கையைத் திட்டமிட முடியாது. கனடா 2021-இல் எடுத்த முடிவு இன்னொரு பாடம். நாளுக்குச் சராசரி 10 டாலர் கட்டணத்தில் காப்பகம் என்று அறிவித்தார்கள், அருமையான திட்டம், பெற்றோர்களின் செலவு நிஜமாகவே குறைந்தது. ஆனால் பல இடங்களில் அறை இருக்கிறது, பொம்மை இருக்கிறது, காத்திருப்போர் பட்டியலில் குழந்தைகள் இருக்கிறார்கள், வேலைக்கு ஆள் இல்லாததால் அறை பூட்டியே கிடந்தது. கட்டணத்தைக் குறைப்பது முதல் பாதிதான், ஊழியரின் சம்பளத்தை உயர்த்துவது அதே நாளில் செய்ய வேண்டிய மறுபாதி.

இன்னொரு தவறும் அடிக்கடி நடக்கிறது, இதைக் கொஞ்சம் அழுத்திச் சொல்ல ஆசைப்படுகிறேன். தரத்தை உயர்த்துகிறோம் என்று புதுப்புதுச் சான்றிதழ்களையும் பதிவேடுகளையும் கட்டாயமாக்குவார்கள், சம்பளத்தைத் தொட மாட்டார்கள். படிப்பு வேண்டும் என்பதில் எனக்கு இரண்டாவது கருத்தே இல்லை, நானே பயிற்சி கொடுக்கிறவள். ஆனால் என்னிடம் வந்து இரவு வகுப்பில் படித்துச் சான்றிதழ் வாங்குகிற பெண்களில் நல்லவர்கள் அந்தச் சான்றிதழை எடுத்துக்கொண்டு தொடக்கப் பள்ளி வேலைக்குப் போய்விடுகிறார்கள். அங்கே கோடை விடுமுறை உண்டு, சம்பளமும் கூட. அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. படிப்புக்கு ஏற்ற சம்பள விகிதத்தையும் சேர்த்து எழுதாத எந்தத் தர விதியும் கடைசியில் அறையைக் காலி செய்கிற விதியாகத்தான் முடியும்.

ஊழியர்கள் குரல் எழுப்பினால் அது குழந்தைகளைப் பாதிக்காதா என்றும் கேட்பார்கள். ஐஸ்லாந்தில் 1975 அக்டோபர் 24 அன்று நாட்டுப் பெண்களில் சுமார் 90 சதவீதம் பேர் வீட்டு வேலை, வெளி வேலை எல்லாவற்றையும் நிறுத்தினார்கள். காப்பகங்களும் பள்ளிகளும் மூடிக்கிடந்தன, அப்பாக்கள் குழந்தைகளை அலுவலகத்துக்கு அழைத்துக்கொண்டு போனார்கள். அந்த ஒரு நாள் போதுமாக இருந்தது, எந்த வேலையின் மேல் மற்ற எல்லா வேலையும் நின்றுகொண்டிருக்கிறது என்று நாடு முழுக்கத் தெரிந்துவிட்டது, அடுத்த வருடமே ஆண் பெண் சமத்துவச் சட்டம் வந்தது. ஜெர்மனியில் 2015-இல் காப்பக ஊழியர்கள் சுமார் நாலு வாரம் வேலைநிறுத்தம் செய்தார்கள். அவர்கள் கேட்டதை, தங்கள் தொழிலின் மதிப்பை உயர்த்துங்கள் என்று ஒரே சொல்லில் சொல்லிவந்தார்கள், சம்பளப் படிநிலையில் தங்கள் வேலையை மேலே தூக்கி வையுங்கள் என்பது அதன் பொருள். பெற்றோர்களுக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது, ஆனாலும் ஊழியர்களோடு சேர்ந்து ஊர்வலம் போன பெற்றோர்களும் இருந்தார்கள். நாங்கள் வேலையை நிறுத்துவது எளிதில் நடக்கிற காரியம் இல்லை. அடுத்த நாள் எந்தக் குழந்தைக்கு மருந்து, எது புது ஆளிடம் சாப்பிடாது என்பதெல்லாம் மனதில் இருக்கும்போது வீட்டில் உட்கார்ந்திருப்பது வேதனை. அந்த வேதனை எங்களுக்கு இருக்கும் என்று தெரிந்தவர்கள்தான் இத்தனை காலம் சம்பளத்தை உயர்த்தாமல் ஓட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

கடைசியாக, நீங்கள் தனிப்பட்ட முறையில் என்ன செய்யலாம் என்று. மனுவைத் தவிர, காப்பகத்தை நடத்துகிறவரிடம் போய்ச் சில விஷயங்களைக் கேளுங்கள்: போன வருடம் எத்தனை ஊழியர்கள் விட்டுப் போனார்கள், உடம்பு சரியில்லாத நாளில் சம்பளத்தோடு லீவு உண்டா, எழுத வேண்டியதை எழுதவும் அடுத்த வாரத்தைத் திட்டமிடவும் வேலை நேரத்துக்குள் நேரம் தருகிறீர்களா, அல்லது வீட்டுக்கு எடுத்துப் போகச் சொல்கிறீர்களா? பெற்றோர்கள் எப்போதும் கேமரா இருக்கிறதா, என்ன எழுதச் சொல்லிக் கொடுக்கிறீர்கள் என்றுதான் கேட்கிறார்கள். ஊழியரைப் பற்றி நாலு பெற்றோர் கேட்க ஆரம்பித்தால் நடத்துகிறவருக்கும் அது தரத்தின் அளவுகோல் என்று புரியும். மாலையில் நேரத்துக்கு வந்து குழந்தையைக் கூட்டிப் போங்கள், நீங்கள் தாமதிக்கிற இருபது நிமிடம் பெரும்பாலான இடங்களில் ஊழியருக்குச் சம்பளம் இல்லாத இருபது நிமிடம், அவர் வீட்டிலும் ஒரு குழந்தை காத்திருக்கலாம். அறையில் இருக்கும் எல்லாருடைய பேரையும் தெரிந்துகொள்ளுங்கள், துடைத்துப் பெருக்கிக் குழந்தைகளைத் தூங்க வைக்கிற உதவியாளர் பேரையும் சேர்த்து. பாராட்டு மேடையில் பெரும்பாலும் அவரைத்தான் விட்டுவிடுகிறார்கள்.

பாராட்டு நாளில் பரிசு கொடுக்க நினைத்தால் அதற்குப் பதில் ஒரு கடிதம் எழுதுங்கள். "உங்கள் அன்புக்கு நன்றி" என்று எழுதாதீர்கள். அவர் செய்த ஒரு குறிப்பிட்ட விஷயத்தை எழுதுங்கள். என்னோடு வேலை பார்த்த ஒரு பெண், ஒரு குழந்தை வலது பக்கத்திலிருந்து கூப்பிட்டால் மட்டும்தான் திரும்புகிறது என்று கவனித்து, மூன்று நாள் குறித்து வைத்துக்கொண்டு பெற்றோரிடம் சொன்னார். பரிசோதித்துப் பார்த்ததில் இடது காதில் கேட்கும் திறன் மிகக் குறைவாக இருந்தது. அந்தக் குழந்தையின் அப்பா நடந்ததைத் தேதியோடு ஒரு பக்கத்துக்கு எழுதி, ஒன்றை அவரிடமும் இன்னொன்றை நிர்வாகத்திடமும் கொடுத்து, அவருடைய பணிக் கோப்பில் வைக்கச் சொன்னார். மறு வருடம் அவர் சம்பள உயர்வு கேட்டுப் போனபோது எடுத்துக் காட்ட அவரிடம் இருந்த ஒரே காகிதம் அதுதான். உயர்வு கிடைத்தது. நீங்களும் இரண்டு பிரதி எடுங்கள்.